எட்டுப் போட்ட பிறகு
(புதிதாக இரு சக்கர வண்டி பழகுவோருக்கு ஒரு பாடம்)

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் வீட்டில் எழுகிற முதல் பேச்சு வண்டியைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. முதலமடை, கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு இது ஆடம்பரமும் அல்ல. தோப்புக்குப் போக வேண்டும், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போக வேண்டும், சித்தூரில் ஏதாவது ஆபீஸ் வேலை இருக்கும். பிள்ளைகள் மட்டுமன்றி, நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டர் பழக விரும்பும் தாய்மார்களும் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

லைசென்ஸ் வாங்குவது ஒரு காரியம். வண்டி ஓட்டத் தெரிவது வேறொரு காரியம். இரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகிறோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஆகவே லைசென்ஸ் கையில் வந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். வாங்கும் முறையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

1. எந்த வயதில் எந்த வண்டி?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, இரு சக்கர மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. எஞ்சின் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை 16 வயது நிறைந்தவர் ஓட்டலாம். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும்.

இந்த விலக்கை நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 வண்டி 50 சி.சி.க்கு உட்பட்டது. அந்தக் காலத்து நினைவில், "எக்ஸ்.எல். வண்டிதானே, பையன் ஓட்டட்டும்" என்று சொல்கிறோம். இன்று தோப்புகளில் ஓடும் எக்ஸ்.எல். 100 ஏறக்குறைய 100 சி.சி. வண்டி. கியர் இல்லாத ஸ்கூட்டர்களும் 100 சி.சி.க்கு மேற்பட்டவையே. கியர் இல்லை என்பதால் வயது வரம்பு குறைந்துவிடாது. மோட்டார் திறன் கால் கிலோவாட்டுக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட சிறிய மின்சார வண்டிகளை மட்டும் விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், அதற்கான சான்றிதழைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

லைசென்ஸில் இரண்டு வகை உண்டு: கியர் இல்லாத வண்டி, கியர் உள்ள வண்டி. கியர் உள்ள வண்டிக்கு வாங்கினால் இரண்டையும் ஓட்டலாம். ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொடப் போவதில்லை என்ற உறுதி உள்ளவர்களுக்கு முதல் வகையே போதும்.

2. எல்.எல்.ஆர். முதல் லைசென்ஸ் வரை

விண்ணப்பம் இப்போது மத்திய அரசின் 'சாரதி' இணையதளம் வழியாகச் செய்யப்படுகிறது. நம் பகுதி சித்தூர் துணை ஆர்.டி.ஓ. அலுவலக எல்லைக்குள் வருகிறது. வண்டி எண்ணில் கே.எல். 70 என்று காண்பது அந்த அலுவலகத்தைக் குறிக்கும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் தாம் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில் எந்த லைசென்ஸ் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் எந்த மாநிலத்தில் வாங்கியதானாலும் இந்தியா முழுவதும் செல்லும். ஆகவே, "கோவிந்தாபுரம் தாண்டினால் வேறு லைசென்ஸ் வேண்டுமா?" என்ற கேள்விக்கு இடமே இல்லை.

படிகள் இவை:

(அ) எழுத்துத் தேர்வு. சாலைக் குறிகள், விதிகள் பற்றிய கேள்விகள் வரும். நூற்றுக்கு அறுபது விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி. எந்த மொழியில் எழுதலாம் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் கடைசி நாளில் தடுமாற வேண்டாம்.

(ஆ) எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம். ஆறு மாதம் செல்லும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் சொல்லிக்கொடுக்க, அவர் மேற்பார்வையில்தான் சாலையில் பழகலாம். சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. எல்.எல்.ஆர். கைக்கு வந்த அன்றே தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டியூஷனுக்குப் போவது சட்டப்படி குற்றம்.

(இ) ஓட்டுநர் தேர்வு. எல்.எல்.ஆர். பெற்று 30 நாள் கழிந்த பிறகு தேர்வுக்குப் போகலாம். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடியும் போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

இந்த முப்பது நாளையும் ஆறு மாதத்தையும் கவனியுங்கள். முப்பது நாள் என்பது குறைந்த அளவு. பழகுவதற்குச் சட்டம் ஆறு மாதம் தந்திருக்கிறது. நம் பிள்ளைகளோ முப்பத்தோராம் நாள் தேர்வு, முப்பத்திரண்டாம் நாள் நெல்லியாம்பதி என்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள்.

3. எட்டு எதற்காக?

கேரளத்தில் காருக்கு 'எச்' எழுத்து, இரு சக்கர வண்டிக்கு 'எட்டு'. கால் தரையில் படாமல், கம்பிகளைத் தட்டாமல் எட்டு வடிவில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு சாலையில் சிறிது தூரம் ஓட்ட வேண்டும்.

எட்டுப் போடுவதற்கான வழி எளிது. முதல் கியரில் வையுங்கள். ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். நடுவில் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். வேகம் மிகுந்தால் பின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்துங்கள். முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். அடுத்து எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வண்டி தானாகப் போகும். தரையைப் பார்த்து ஓட்டுபவரின் கால் தரைக்குத்தான் வரும்.

எட்டினால் வரும் நன்மை பெரியது. மெதுவாகப் போகும்போது நிலை தவறாதிருக்கவும், கிளட்சும் ஆக்ஸிலேட்டரும் கைக்குப் பழகவும் அது உதவுகிறது. கடைத்தெருவில் ஆள் கூட்டத்துக்கு இடையே போகும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

ஆனால் கேரளத்தில் பல ஆண்டுகளாக ஒரு விசித்திரம் நடந்துவந்தது. தேர்வு மைதானங்களில் பஜாஜ் எம் 80 என்ற பழைய வண்டியில் எட்டுப் போட்டு, கியர் வண்டிக்கான லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். அது 75 சி.சி. வண்டி, கியரைக் கையால் மாற்ற வேண்டும். எடை குறைவு, எட்டில் எளிதாகத் திரும்பும். லைசென்ஸ் வாங்கியவர் மறுநாள் ஏறுவதோ காலால் கியர் மாற்றும் 150 சி.சி. மோட்டார் சைக்கிளில். தேர்வு எழுதிய வண்டிக்கும் ஓட்டப் போகும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. 2024 பிப்ரவரியில் வெளியான சுற்றறிக்கை, காலால் கியர் மாற்றும், 95 சி.சி.க்குக் குறையாத வண்டியில்தான் தேர்வு என்று சொன்னது. அதில் இருந்த வேறு பல மாற்றங்களையும் எதிர்த்து அந்த ஆண்டு மே மாதம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் போராட்டம் நடத்தினார்கள். விஷயம் உயர் நீதிமன்றத்துக்கும் போனது. நீங்கள் தேர்வுக்குப் போகும் நாளில் நடப்பு விதி என்ன என்பதை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விதி எதுவானாலும், எந்த வண்டியை ஓட்டப் போகிறீர்களோ அந்த வகை வண்டியிலேயே பழகுங்கள் என்பது என் ஆலோசனை.

4. எட்டு சொல்லித் தராதது

எட்டுப் போடும்போது வேகம் ஓட்டமாக ஓடுபவனின் வேகத்தைவிடக் குறைவு. அந்த வேகத்தில் கைப்பிடியைத் திருப்பி வண்டியைத் திருப்புகிறோம். சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டியைச் சாய்த்துத்தான் திருப்புகிறோம். இது முதல் வேறுபாடு.

இரண்டாவது வேறுபாடு முக்கியமானது. எட்டில் நிற்கவே கூடாது. சாலையிலோ, நிற்கத் தெரிந்தவர்தான் வீடு திரும்புகிறார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி, அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்பதையும் சோதிக்கச் சொல்கிறது. மைதானத்துப் பயிற்சியில் அதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரே மாடு குறுக்கிடுகிறது. கண் பார்த்து, மூளை அறிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். பிறகு பிரேக் பிடித்து நிற்கும். காய்ந்த தார்ச் சாலையில் புதியவர் ஒருவரால் நொடிக்கு நொடி மணிக்கு 18 கிலோமீட்டர் வீதமும், ஈரச் சாலையில் 11 கிலோமீட்டர் வீதமும் வேகத்தைக் குறைக்க முடியும் என்று கொள்வோம். மொத்தத் தூரம் இப்படி வரும்:

20 கி.மீ. வேகம்: காய்ந்த சாலையில் 9 மீட்டர், ஈரத்தில் 11 மீட்டர்.
40 கி.மீ. வேகம்: காய்ந்த சாலையில் 23 மீட்டர், ஈரத்தில் 31 மீட்டர்.
60 கி.மீ. வேகம்: காய்ந்த சாலையில் 44 மீட்டர், ஈரத்தில் 62 மீட்டர்.

வேகம் 40-லிருந்து 60 ஆனது ஒன்றரை மடங்குதான். நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு. பிரேக் பிடிக்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதே காரணம்.

இதே கணக்கை இன்னொரு விதமாகப் பாருங்கள். இரண்டு பேர் பக்கம் பக்கமாக வருகிறார்கள். ஒருவர் 40, மற்றவர் 60. இருவரும் ஒரே நேரத்தில் மாட்டைப் பார்க்கிறார்கள். 40-இல் வந்தவர் 23 மீட்டரில் நின்றுவிட்டார். அதே இடத்தை 60-இல் வந்தவர் அடையும்போது அவருடைய வேகம் என்ன? இருபதாகக் குறைந்திருக்கும் என்று பலர் சொல்வார்கள். அவர் அப்போதும் மணிக்கு 52 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். அதாவது, முதலாமவர் ஓட்டிவந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் போய் மோதுவார். பிள்ளைகளை உட்கார வைத்துத் தாளில் இந்தக் கணக்கைப் போட வையுங்கள். நாம் நூறு முறை "மெதுவாகப் போ" என்று சொல்வதைவிட இது மனதில் நிற்கும்.

பிரேக் பயிற்சியை இப்படிச் செய்யலாம். சாலையில் அல்ல, வாகனம் வராத மைதானத்தில், கெட்டியான சமதரையில் செய்ய வேண்டும். சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நில்லுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் சீராக இறுக்க வேண்டும். கைப்பிடி நேராக இருக்க வேண்டும். பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். நின்ற இடத்தைப் பெற்றோர் காலடியால் அளந்து சொல்லட்டும். பத்து முறை ஒரே சீராக வந்த பிறகு 30, பிறகு 40.

முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லி, பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. நிற்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே காய்ந்த சாலையில் நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் சக்கரம் பாரம் குறைந்து வழுக்கத் தொடங்கும். மண்ணும் சரளையும் உள்ள இடத்திலும், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் முன் பிரேக்கை மென்மையாகக் கையாள வேண்டும் என்பது உண்மை. அதற்காக அதை மறந்துவிடக்கூடாது.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்., அதற்குட்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். அல்லது இரண்டு பிரேக்கும் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. பழைய வண்டி வாங்கிப் பழகுபவர்களிடம் இந்த வசதி இருக்காது. அவர்களுக்கு மேற்சொன்ன பயிற்சி இன்னும் அவசியம்.

5. ரயில்வேயில் உள்ள ஒரு வழக்கம்

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். எஞ்சின் ஓட்டும் லோகோ பைலட்டுகளுக்கு அங்கே ஒரு விதி உண்டு. எவ்வளவு அனுபவம் உள்ளவராயினும், புதிய பாதையில் முதல் நாளே தனியாக ரயிலை ஓட்ட விடமாட்டார்கள். அந்தப் பாதையை நன்கு அறிந்தவருடன் எஞ்சினில் நின்று சில முறை போய்வர வேண்டும். அவற்றில் இரவுப் பயணமும் இருக்க வேண்டும். சிக்னல் எங்கே, ஏற்றம் எங்கே, வளைவு எங்கே என்று அறிந்து, "இந்தப் பாதை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட்ட பிறகே தனியாக ஓட்டலாம். மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பாதையில் போகாமல் இருந்தால் மறுபடியும் பழக வேண்டும். தண்டவாளம் போட்ட பாதைக்கே இந்தக் கட்டுப்பாடு. மாடும் லாரியும் குறுக்கே வரும் சாலைக்கு நாம் எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை.

இந்த வழக்கத்தை நம் வீட்டுக்கும் கொண்டுவரலாம். பிள்ளை தினமும் போகப் போகும் பாதையில், ஓட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் பின்னால் அமர்ந்து மூன்று முறை போய்வரட்டும்: ஒன்று பகலில், ஒன்று மழையில், ஒன்று இரவில். அதன் பிறகு தனியாக விடலாம். முதலமடைச் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பயணங்களில் கவனிக்க வேண்டியவை:

லெவல் கிராசிங்: பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதை நம் ஊர் வழியாகப் போகிறது. மீட்டர் கேஜாக இருந்து, 2008-இல் மூடப்பட்டு, 2015-இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. கேட்டில் தண்டவாளத்தை ஒட்டி, ரயில் சக்கரத்தின் விளிம்பு போவதற்காக 5 செ.மீ. அகலத்துக்குச் சற்று மேற்பட்ட பள்ளம் விடப்பட்டிருக்கும். அதை மூட முடியாது. மூடினால் ரயில் தடம் புரளும். சைக்கிள் டயர் அதில் இறங்கிவிடும். மோட்டார் சைக்கிள் டயர் இறங்காவிட்டாலும், சரிவாகக் கடந்தால் தண்டவாளத்தின் மேல் வழுக்கும். மழையில் நனைந்த இரும்பில் டயருக்குப் பிடிப்பே இருக்காது. ஆகவே கேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்துக்குச் செங்குத்தாக, நேராகக் கடக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். மூடிய கேட்டுக்கு அடியில் வண்டியைச் சாய்த்து நுழைக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். வேகமாக வரும் ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். உங்களைக் கண்ட பிறகு லோகோ பைலட்டால் ஹாரன் அடிக்கத்தான் முடியும்.

மாம்பழக் காலம்: ஆண்டின் தொடக்கத்திலேயே நம் ஊரில் மாங்காய் வந்துவிடுகிறது. தோப்புகளிலிருந்து டெம்போவும் டிராக்டரும் லாரியும் குறுக்குப் பாதைகளில் இருந்து திடீரென்று மெயின் ரோட்டில் ஏறும். நின்றிருக்கும் லாரியின் பின்னாலிருந்து ஆள் வெளிப்படுவார் என்றே எண்ணி ஓட்டுங்கள். லாரியின் கண்ணாடியை உங்களால் பார்க்க முடியாவிட்டால், டிரைவராலும் உங்களைப் பார்க்க முடியாது.

காற்று: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் புதியவர்கள் குறைவாக மதிப்பிடுகிறார்கள். திறந்த வயல்வெளியில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். மரக்கூட்டமோ பஸ்ஸோ மறைத்ததும் அந்த அழுத்தம் சட்டென்று நின்று, வண்டி எதிர்ப்பக்கம் போகும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடித்து, வேகத்தைக் குறைப்பதே இதற்கு மருந்து.

மழை: முதல் மழையில் சாலை மிகவும் வழுக்கும். பல நாள் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து மேலே வரும். வயலிலிருந்து ஏறிய டிராக்டரின் சேறும் சேர்ந்துகொள்ளும்.

மலைச்சாலை: நெல்லியாம்பதி மலைப்பாதை முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். பிறகு போகும்போதும், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கினால், எஞ்சின் தரும் பிடிப்பு போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் வேலை செய்யாது.

6. பலகையில் உள்ள மலையாளம்

தமிழ்க் காதுக்குப் பழகாத சில சொற்களைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 'பதுக்கெ' என்றால் மெதுவாக. 'வளவு' என்றால் வளைவு. 'வலத்தோட்டு' வலப்பக்கம், 'இடத்தோட்டு' இடப்பக்கம். 'நிர்த்துக' என்றால் நிறுத்து. 'சவிட்டு' என்று பயிற்சியாளர் சொன்னால் மிதி என்று பொருள். 'பாடில்ல' என்பதைக் கவனியுங்கள். "பாடு இல்லை, கஷ்டம் இல்லை" என்று நாம் எண்ணிவிடுவோம். செய்யக்கூடாது என்பதே அதன் பொருள்.

7. தலைக்கவசமும் தாள்களும்

2022-இல் ஹெல்மெட் அணியாததால் இறந்தவர்கள் என்று அரசு கணக்கிட்டவர்கள் 50,029 பேர். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதிதான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, தலைக்கு இறுக்கமாகப் பொருந்துவதாக வாங்குங்கள். தாடைப்பட்டையை மாட்டாத ஹெல்மெட், விழும்போது தலையை விட்டு முன்னே பறக்கும். பின்னால் அமர்பவருக்கும், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும்.

தமிழ்நாட்டு எண் உள்ள வண்டியைச் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்து இங்கே வைத்திருப்பவர்கள் பலர். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி கேரளத்தில் இருந்தால், பழைய அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற்று, இங்கே புது எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பெற்றோருக்கு

வயது நிறையாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சட்டத்தின் 199-ஏ பிரிவு சொல்கிறது. பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. 25 வயது வரை என்பதை யோசித்துப் பாருங்கள். வெளியூரில் வேலை தேடிப் போகும் வயது முழுவதும் லைசென்ஸ் இல்லாமல் கழியும்.

பணக்கணக்கும் உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் திருப்பி வசூலிக்கலாம் என்பது 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. பிழைக்க வந்த இடத்தில் கட்டிய வீட்டையும் வாங்கிய நிலத்தையும் அந்தத் தொகை கொண்டுபோய்விடும்.

"வண்டி கொடுக்காதீர்கள்" என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு நிறைந்த பிள்ளைக்கு நாம் கொடுக்காவிட்டால் நண்பனின் வண்டியை வாங்கி ஓட்டுவான். அதைவிட, எல்.எல்.ஆர். காலத்தின் ஆறு மாதத்தையும் முழுதாகப் பயன்படுத்தி, பக்கத்தில் நின்று பழக்குவது மேல். பெண் பிள்ளைகளுக்கும் இதே அளவு பயிற்சி கொடுங்கள். அவர்கள் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போவார்கள் என்று எண்ணிப் பிரேக் பயிற்சியைக் குறைத்துவிடாதீர்கள். மாடு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் குறுக்கிடும்.

பயிற்சி வினாக்கள்

வீட்டில் எல்லோரும் சேர்ந்து விடை சொல்லிப் பாருங்கள்.

1. பதினேழு வயதுப் பையன் எக்ஸ்.எல். 100 ஓட்டலாமா?
2. எல்.எல்.ஆர். உள்ளவர் தங்கையைப் பின்னால் ஏற்றலாமா?
3. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஈரச் சாலையில் நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்?
4. ரயில்வே கேட்டைச் சரிவாகக் கடக்கக் கூடாதது ஏன்?
5. மலையிறக்கத்தில் எந்தக் கியர்?
6. பலகையில் 'பாடில்ல' என்றிருந்தால் என்ன பொருள்?

விடைகள்: 1. கூடாது, அது 50 சி.சி.க்கு மேற்பட்டது. 2. கூடாது. 3. ஏறக்குறைய 31 மீட்டர். 4. தண்டவாளத்தின் மேல் டயர் வழுக்கும். 5. அதே மலையை ஏறுவதற்குப் பயன்படுத்தும் கியர். 6. செய்யக்கூடாது.

ஆறுக்கு ஆறும் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு எல்.எல்.ஆர். விண்ணப்பம் போடலாம். மூன்றாம் கேள்விக்குத் தடுமாறுகிற பிள்ளையைச் சுண்ணாம்புக் கோட்டுக்கு அழைத்துச் சென்று, காலடியால் அளந்து காட்டுங்கள்.